எண்ணூர்க் கிளிஞ்சலும் நம்ம ஊர் மண் சுவரும்

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



வழக்கமாக நான் பேச வந்தால் நெல்லுக்கு மேலுரம், புகையான் தாக்குதல், நிலக்கடலைக்கு ஜிப்சம் என்று ஏதாவது இருக்கும். இன்றைக்கு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். விவசாய ஆபீசருக்கு வீடு கட்டுற கதை எதுக்குன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்குங்க.

போன மாசம் பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். வயல்ல வேலை முடிந்து திரும்பும்போது ஒரு வயசான அம்மா வழிமறித்து நின்றார். "தம்பி, நீங்க மண்ணு பாக்குற ஆபீசராமே? வயல் மண்ணைப் பாத்தாச்சு. என் வீட்டு மண்ணையும் பாத்துச் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஒன்றரை அடி கனத்துக்கு மண் சுவர், மேலே பனை ஓலைக் கூரை. அரசாங்க வீட்டுப் பட்டியல்ல அவங்க பேர் வந்துவிட்டது. பழசை இடித்துத் தள்ளிவிட்டுப் புதுசு கட்டலாம் என்கிறான் மகன். அந்தச் சுவரோ அவங்க வீட்டுக்காரர் மண்ணை மிதித்து மிதித்துப் படை படையாக எழுப்பியது. "இடிச்சுடலாமா, வெச்சுக்கலாமா? படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏன்னா ஒரு சுவர் விஷயத்துல அவசரப்பட்டுப் பதில் சொல்லி, நான் ஏற்கெனவே ஒரு வீட்டைக் கெடுத்திருக்கேன். அது வேறு யார் வீடும் இல்லை. தண்டையார்பேட்டையில் நான் பிறந்து வளர்ந்த வீடுதான்.

தண்டையார்பேட்டை என்றதும் உங்களுக்குத் துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, லாரி, புகை எல்லாம் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது அதற்கு முந்தின கதை. ராமநாதபுரம் சீமையில் தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இந்தப் பக்கம் தங்கியிருந்தார். அவரைத் தொண்டியார் என்று சொல்லிச் சொல்லியே ஊர் தொண்டியார்பேட்டை ஆகி, அதுவே தண்டையார்பேட்டை ஆனதென்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. இன்றைக்கு அதன் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் வடசென்னைக்கு வீடு கட்டும் சாமானைக் கொண்டுவந்த சாலை அந்தக் கால்வாய்தான்.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும், சுமார் 11 மைல், இந்தக் கால்வாயை வெட்டினார். முதலில் அவர் பெயராலேயே காக்ரேன் கால்வாய் என்றார்கள். 1837-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பழவேற்காடு ஏரியையும் தாண்டி ஆந்திரா பக்கம் நீட்டிக்கொண்டே போனார்கள். அப்புறம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-லிருந்து 1878 வரைக்கும் ஜனங்கள் பட்ட பாட்டை உங்க பாட்டன் பூட்டன் சொல்லிக் கேட்டிருப்பீங்க. கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களைக் கொண்டு நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை வெட்ட வைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878-ல் கால்வாய்க்கு வந்தது. வெட்டினவன் வயிறு பஞ்சத்துல காய்ந்தது, பெயர் பிரபுவுக்குப் போனது. சரி, அது வேற கதை.

அந்தக் கால்வாயில் படகுகளில் உப்பு வரும், நெல் வரும், சவுக்கு விறகு வரும். அத்தோடு கிளிஞ்சல் வரும். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் சேற்றுக்கு அடியில் கிளிஞ்சல் படுகை படுகையாகக் கிடந்தது. உயிர் போன சிப்பிகளின் ஓடுகள் பல நூறு வருஷமாகச் சேர்ந்த சேமிப்பு அது. அள்ளிக் கழுவிப் படகில் ஏற்றினால் நேரே சென்னைக்குச் சூளைக்கு வந்துவிடும். செங்கல்லுக்கும் சூளை, சுண்ணாம்புக்கும் சூளை. சென்னையில் சூளை என்றே ஒரு பேட்டை இருக்கிறது. தெற்கே போனால் சுண்ணாம்புக் கொளத்தூர் இருக்கிறது. ஊர்ப் பேரே சாட்சி சொல்லுது பாருங்க.

கிளிஞ்சலைச் சுண்ணாம்பாக்குவது எப்படி? கரியையும் கிளிஞ்சலையும் மாற்றி மாற்றி அடுக்கி நெருப்பு வைப்பார்கள். சூடு 900 டிகிரிக்கு ஏறினால், ஓட்டுக்குள்ளே இருக்கிற கரியமில வாயு பிரிந்து வெளியே போய்விடும். 100 கிலோ சுத்தமான கிளிஞ்சல் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி காற்றோடு போயிடும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி மாவாக உதிரும். அதுதான் நீற்றின சுண்ணாம்பு. அதோடு மணலைச் சேர்த்து, வட்டமாக வெட்டின பள்ளத்தில் போட்டு, மாட்டைக் கட்டிக் கல் உருளையைச் சுற்ற விட்டு வெண்ணெய் மாதிரி அரைப்பார்கள். கடுக்காய் ஊறின தண்ணீர், வெல்லத் தண்ணீர் சேர்ப்பார்கள். பணக்காரன் வீட்டுக் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, தயிர்கூடப் போகும்.

இதில் ஒரு அழகு இருக்குங்க. சுவரில் பூசின சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மறுபடி கல்லாகிறது. சூளையில் எதை இழந்ததோ அதைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் பழைய சுண்ணாம்புச் சுவர் வருஷம் ஆக ஆகக் கெட்டிப்படும். சென்னையின் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி மின்னுவதைப் பார்த்துச் சீமையிலிருந்து வந்தவர்கள் 200 வருஷத்துக்கு முன்னாலேயே வியந்து எழுதிவைத்திருக்கிறார்கள். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு.

கூரைக்கும் அதே சுண்ணாம்புதான். தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைக் குத்துக்கால் வைத்த மாதிரி நிறுத்திச் சாய்வரிசையாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அது இறுகினதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பதும் அடிப்பதும் பாட்டுமாக வேலை நடக்கும். அதற்குமேல் தட்டோடு. கம்பி கிடையாது, சிமெண்டு கிடையாது. இதை மெட்ராஸ் டெரஸ் என்று பாடப்புத்தகத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் அந்தத் தளத்தோடு நிற்கிற வீடுகளை இப்போதும் பார்க்கலாம்.

இன்னொன்று கவனிச்சீங்களா? நம்ம கிராமங்கள்ல கான்கிரீட் வீட்டைக் காரை வீடு என்கிறோம். காரை என்றால் சுண்ணாம்புச் சாந்துதான். சாந்து மாறிப்போச்சு, சொல் மாறவில்லை.

இப்போது கசப்பான பாகத்துக்கு வருகிறேன். இந்தச் சுண்ணாம்பு யார் வீட்டுக்குப் போனது? கோட்டைக்குப் போனது. வியாபாரிகள் வீட்டுக்கும் கோயிலுக்கும் போனது. கம்பெனிக்காரர்கள் துணி வியாபாரத்துக்காக வடக்கே நெசவாளிகளைக் குடிவைத்தார்கள். திருவொற்றியூரில் காலடிப்பேட்டை இருக்கிறதே, அது கவர்னர் ஜோசப் காலட் 1720-ஐ ஒட்டி நெசவாளிகளுக்காக ஏற்படுத்தின பேட்டை. காலட் பேட்டைதான் காலடிப்பேட்டை ஆச்சு. அந்த மாதிரி பேட்டைகளில் திண்ணையும் தறியும் வைத்து வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் கிளிஞ்சல் அள்ளினவன், சூளைக்குக் கரி போட்டவன், படகு தள்ளினவன், பிற்பாடு துறைமுகத்திலும் மில்லிலும் மூட்டை தூக்கினவன், இவர்களெல்லாம் இருந்தது ஓலைக் குடிசையில். மண்ணும் ஓலையும் ஏழைக்கு, சுண்ணாம்பு இருக்கிறவனுக்கு என்று அன்றைக்கே பிரிந்துபோனது.

என் தாத்தா கிளிஞ்சல் சுமந்தவர். படகிலிருந்து சூளைக்குக் கூடையில் சுமக்கிற வேலை. என் ஆயா சொல்லிக் கேட்டதுதான் எல்லாம். சுமந்து சுமந்து தோளெல்லாம் கிளிஞ்சல் கீறின தழும்பாம். அவருடைய வீடு தென்னங்கீற்றுக் குடிசை. 1950-களில் ஒரு கோடையில் வரிசையாகக் குடிசைகள் பற்றிக்கொண்டதில் அதுவும் போனது. ஆயா கையில் என் நைனாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். எடுத்துவர முடிந்தது ஒரு பித்தளைச் சொம்பு மட்டும்தான்.

அதற்கப்புறம் தாத்தா ஒரு காரியம் செய்தார். கூலியில் ஒரு பங்கைச் சுண்ணாம்பாகவே கேட்டு வாங்கினார். சூளையில் கழித்துப் போட்ட உடைந்த செங்கல்லை வாங்கினார். மூன்று வருஷம் சேர்த்தார். தெரிந்த மேஸ்திரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சுவர் எழுப்பிக் கொடுத்தார். மேலே சீமை ஓடு. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கின ஓட்டு வேலை அதற்குள் தென்னாடு முழுக்கப் பரவியிருந்தது. பழைய ஓடு மலிவாகவும் கிடைத்தது. அப்படி எழுந்தது இரண்டு அறையும் ஒரு திண்ணையும். தாத்தா ஊரான் வீட்டுக்குச் சுமந்த கிளிஞ்சல் கடைசியில் எங்க வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தது.

அந்தச் சுவரைத்தான் நான் கெடுத்தேன். 2003-ல் நான் படிப்பை முடித்து வேலைக்கு வந்த புதுசு. கடலோரம் இல்லையா, தரைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. நைனா வருஷா வருஷம் அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுவார். எனக்கு அது பத்தாம்பசலி வேலையாகத் தெரிந்தது. "சிமெண்டு பூசிட்டா ஒரே தடவையில முடிஞ்சிடும் நைனா" என்று சொல்லி, ஆளை வைத்து நாலடி உயரத்துக்குச் சிமெண்டு பூசவைத்தேன். பார்க்க ரொம்ப ஜோர். இரண்டு மழைக்காலம் போனது. ஈரம் நாலடிக்கு மேலே ஏறிவிட்டது. சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து வந்தபோது உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. பழைய மேஸ்திரியின் மகன் வந்து பார்த்தார். "தம்பி, சுவத்துக்குச் சட்டை போடறதுக்குப் பதிலா பிளாஸ்டிக் பையைப் போட்டுட்டீங்க" என்றார்.

விஷயம் இதுதான். மண்ணும் பழைய செங்கல்லும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதைத் தடுக்க அந்தக் கால அஸ்திவாரத்தில் வழியில்லை. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றுக்கு விட்டுக்கொடுக்கும். போகிற ஈரம் உப்பையும் கொண்டுவந்து பூச்சிலேயே தள்ளும். பூச்சு உதிரும், சுவர் பிழைக்கும். உதிர்ந்த பூச்சைத் திரும்பப் பூசுவது செலவு குறைந்த வேலை. சிமெண்டுப் பூச்சு அடைத்துக்கொண்டால் ஈரமும் உப்பும் சுவருக்குள்ளேயே நின்று கல்லைத் தின்னும். நைனா செய்த பத்தாம்பசலி வேலைதான் சரியான வேலை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

சிமெண்டு கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. சிமெண்டுக்கும் எங்க பக்கத்துக்கும் ஒரு சொந்தமே உண்டு. இந்தியாவில் சிமெண்டு செய்ய நடந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904-ல் எங்க பக்கத்துப் பேட்டையான வண்ணாரப்பேட்டையில் நடந்தது. சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற கம்பெனி அதைச் செய்து பார்த்தது. எதிலிருந்து தெரியுமா? கடல் கிளிஞ்சலிலிருந்து! அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத் பக்கம் போர்பந்தரில் தொடங்கினதுதான் நிலைத்தது. அப்புறம் நம்ம நாட்டில் 1939-ல் டால்மியாபுரம், 1949-ல் தாழையூத்து என்று ஆலைகள் வந்தன. கிளிஞ்சலை விட்டுவிட்டு மலைமலையாகச் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டினார்கள். சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும், சிமெண்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். அவ்வளவு நிலக்கரி எரிகிறது. ஆனால் சிமெண்டு ஒரே நாளில் இறுகும், தண்ணீருக்குள்ளேயும் இறுகும், கம்பியோடு சேரும். பொறுமையில்லாத காலத்துக்கு ஏற்ற பொருள். கால்வாயும் 1960-களில் வந்த புயல்களாலும் மண் தூர்ந்ததாலும் படகு போகாத ஓடையாச்சு. சூளைகள் அணைந்தன.

குடிசை மட்டும் அணையவில்லை. பற்றிக்கொண்டே இருந்தது. சென்னையில் கோடை வந்தால் குடிசைத் தீ என்பது பேப்பரில் தினம் வருகிற செய்தியாக இருந்தது. 1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது, 1971-ல் அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த பல இடங்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். கிராமத்துக்கும் திட்டங்கள் வந்தன. 21 லட்சம் குடிசைகளை ஆறு வருஷத்தில் காரை வீடாக்குவதென்று 2010-ல் ஒன்று, 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்கோடு பசுமை வீடு என்று 2011-ல் ஒன்று. 2024-ல் அறிவித்த கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடு என்றார்கள்.

ஓலைக் கூரை வேண்டாம் என்று அரசாங்கம் சொல்வதில் நியாயம் இருக்கு. 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் கருகினதை நாம் யாரும் மறக்க முடியாது. ஓலைக்குப் பரிந்து நான் பேச மாட்டேன். என் ஆயா சொம்போடு ஓடினவர். ஆனால் ஓலைமேல் இருக்கிற கோபத்தில் மண் சுவரையும் சேர்த்துக் குற்றவாளியாக்கிவிட்டோமே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். எரிந்தது கூரை. மண் சுவர் எரியாது. எரிகிற அடுப்பையே நாம மண்ணுல தானே போடறோம்?

மண் சுவர் கெடுவது இரண்டே இடத்தில். மேலிருந்து வழிகிற மழையால், கீழிருந்து ஏறுகிற ஈரத்தால். கிளிஞ்சல் சுமந்தவனுக்கு அந்தச் சுண்ணாம்பும் ஓடும் அன்றைக்கே கிடைத்திருந்தால் மண் வீடு என்றாலே ஏழை வீடு என்ற பேச்சு வந்திருக்காது.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் உண்டு. லாரி பேக்கர் என்ற வெள்ளைக்காரக் கட்டடக்காரர் 1945-ல் இந்தியா வந்து, பிற்பாடு திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-ல் காலமாகும் வரைக்கும் சிக்கன வீடுகளைக் கட்டிக்கொண்டே இருந்தார். கிராமத்து வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கணும் என்ற காந்தியடிகளின் கருத்தைத்தான் அவர் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். தண்டையார்பேட்டைக்கு எண்ணூர்க் கழிமுகம் ஐந்து மைலுக்குக் கொஞ்சம் கூட. கால்வாய் இருந்ததால் அது ஒரு தூரமாகத் தெரியவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டடத்துக்கென்றே ஒரு நிலையம் நடக்கிறது. மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு சேர்த்து இயந்திரத்தில் அழுத்திச் சுடாத கல் செய்து, மாடி வீடே கட்டியிருக்கிறார்கள். சூளைக்கு விறகு கிடையாது.

சூளை என்றதும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். நம்ம திருவள்ளூர் ஜில்லாவில் செங்கல் சூளைக்கு வயலின் மேல்மண்ணை விற்றுவிட்டு, மறு வருஷம் "ஏன் சார் பயிர் எழும்பல?" என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. உங்க நிலத்தோட சத்தும் மக்கும் மேலே முக்கால் அடி, ஒரு அடியிலதான் இருக்கு. அதை வித்துட்டா மூட்டை மூட்டையா உரம் போட்டாலும் ஈடாகாது. வீட்டுச் சுவருக்கோ அந்த மேல்மண் வேண்டவே வேண்டாம். மக்கும் வேரும் இருக்கிற மண்ணில் கறையான் வரும், சுவர் விரியும். ஒரு அடிக்குக் கீழே இருக்கிற, மணல் கலந்த செம்மண்தான் சுவருக்கு ஏற்றது. ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் உப்பு ஒரு சிட்டிகையும் போட்டுக் குலுக்கி, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்க. அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று பிரிந்து நிற்கும். மணல் பாதிக்கு மேலே இருந்து, களி ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் நல்ல சுவர் மண். கரிசல் மாதிரி களி அதிகமா இருந்தால் காயும்போது வெடிக்கும். மணலும் நறுக்கின வைக்கோலும் சேர்த்துப் புளிக்க விடணும்.

சுவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால்? முதலில் காலைப் பாருங்க. சுவரைச் சுற்றி மழைத் தண்ணீர் நிற்காமல் மண்ணைச் சரித்து வாய்க்கால் விடணும். அடிப்பகுதியில் கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்துக் குறடு கட்டினால் சாரல் தெறித்து அரிக்காது. அப்புறம் தலை. எறவானம் இரண்டடியாவது வெளியே நீளணும். ஓலையை எடுத்துவிட்டு ஓடு போடுவதானால் சுவருக்குமேல் பாரம் கூடும். முற்றின பனங்கையாகப் பார்த்து வாங்கிப் போட்டு, காற்றுக்குத் தூக்காமல் கம்பியால் சுவரோடு இறுக்கிக் கட்டணும். 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை கூரையைப் பிய்த்து எறிந்தது என்று பார்த்தீங்க. ஒரு விஷயம், பனை மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண்மை பட்ஜெட்டிலேயே சொல்லியாச்சு. இடித்த வீட்டுப் பழைய பனங்கை கிடைத்தால் அதுவே மேல்.

சுவரில் மழை நேராக அடிக்கிற பக்கத்துக்கு ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு பூச்சு சொல்லியிருக்கு. ஒன்றரைக் கிலோ தாரும் 15 கிராம் மெழுகும் சேர்த்து உருக்கி, 300 மில்லி மண்ணெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கணும். அந்தக் கலவையை 30 லிட்டர் மண் சாந்தில் சேர்த்துப் பிசைந்து பூசினால் மழைக்குக் கரையாது. உருக்கின தாரை அடுப்பிலிருந்து இறக்கி, தூரமாகக் கொண்டுபோய்த்தான் மண்ணெண்ணெயோடு சேர்க்கணும். அடுப்புப் பக்கத்துல செஞ்சா மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் கிடைக்கிறது இப்போ கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

மற்ற பக்கங்களுக்குச் சுண்ணாம்புதான். மண் பூச்சு நன்றாகக் காய்ந்து வெடிப்பெல்லாம் அடங்கின பிறகு, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து மெல்லிசாகப் பூசுங்க. ஒரு வாரம் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு வெயில் படாமல் பார்க்கணும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது குழந்தைகளைக் கிட்ட விடாதீங்க. கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

சுண்ணாம்பு எங்கே கிடைக்கும்? எண்ணூர்க் கிளிஞ்சலைத் தேடிப் போகாதீங்க. அந்தக் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்காகப் படிந்து, சிப்பியும் இறாலும் இருந்த சேறு மூடிப்போச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து பரவினது. மீனவர்கள் அதை மீட்கப் போராடிக்கொண்டிருக்கிறபோது நாமும் போய் அள்ளுவது நியாயமில்லை. கல் சுண்ணாம்பு மூட்டையில் வருகிறது, இந்த வேலைக்கு அது போதும்.

பொன்னேரி ஆயாவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீங்க. இரண்டாம் தடவை போனபோது சுவரைக் கம்பியால் குத்திப் பார்த்தேன். மேற்குச் சுவர் அடியில் கரைந்து வெளியே சாய்ந்திருக்கிறது. அதை வைத்திருப்பது ஆபத்து, இறக்கித்தான் ஆகணும். மற்ற மூன்றும் கல்லு மாதிரி நிற்கிறது. அரசாங்க வீட்டை வேண்டாம் என்று சொல்லாதீங்க, கிடைத்ததைக் கட்டிக்கோங்க என்றேன். மனை நீளமாக இருப்பதால் புது வீட்டைப் பக்கத்தில் எழுப்பிவிட்டு, மூன்று சுவரையும் வைத்து ஓடு போட்டு நெல்லும் விதையும் வைக்கிற அறையாக்கிக் கொள்ளலாம். அதற்கு இடம் கொடுக்கிறார்களா என்று ஒன்றிய ஆபீசில் முதலில் கேட்டுவிட்டு வரும்படி மகனை அனுப்பினேன். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை.

மண் வேலையைப் பங்குனி சித்திரையில் முடிச்சு, சுண்ணாம்புப் பூச்சை ஆடிக்குள் போட்டுவிட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் இரண்டு மாசமாவது காய நேரம் கிடைக்கும் என்றேன். எல்லாத்தையும் கேட்டுவிட்டு ஆயா ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டார்.

"அந்தக் கடுக்கா எங்க தம்பி கெடைக்கும்?"

"பொன்னேரி நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும் ஆயா. கொட்டை எடுத்து இடிச்சு, முந்தின நாளே ஊறப் போட்டுடுங்க."